மேலாளர் மாறினார், பதிவேடு மாறவில்லை – வாக்கர்டன் குடிநீர்க் கதை



ஒரு நிறுவனம் சரியாக நடக்கவில்லை என்றால் நாம் முதலில் சொல்வது என்ன? "மேலே இருக்கிற ஆளை மாத்துங்கப்பா, எல்லாம் சரியாயிடும்!" கிரிக்கெட் டீம் தோற்றால் கேப்டனை மாற்று, கம்பெனி நஷ்டத்தில் ஓடினால் எம்.டி.யை மாற்று. எல்லா நோய்க்கும் இதே மருந்துதான். இந்த மருந்து எப்போது வேலை செய்யும், எப்போது செய்யாது என்று யோசிக்க வைக்கிற ஒரு வரலாற்றைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

நடந்த இடம் கனடா. ஒரு சின்ன ஊரின் குடிநீர் வாரியம். கொஞ்சம் நீளமான கட்டுரைதான், பொறுமையாகப் படியுங்கள். நான் காமர்ஸ் மாணவன், தண்ணீரைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்று கேட்கலாம். படித்துப் பார்த்தால் இது தண்ணீரை விட அதிகமாகக் கணக்குப் பதிவேட்டின் கதை என்று உங்களுக்கே புரியும்.

ஊரும் வாரியமும்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் புரூஸ் கவுண்டி என்று ஒரு பகுதி. சுற்றிலும் பண்ணைகள், மாட்டுத் தொழுவங்கள், நடுவில் சாகீன் ஆறு. அதன் கரையில் இருக்கிற ஊர் வாக்கர்டன். 2000-ம் ஆண்டில் மக்கள்தொகை சுமார் 4,800. நம் கணக்குக்கு ஒரு பெரிய கிராமம், அவ்வளவுதான்.

இந்த ஊருக்கு மின்சாரமும் தண்ணீரும் கொடுத்துக்கொண்டிருந்தது ஊருக்கென்று இருந்த பொதுச்சேவை வாரியம். வாரியத்துக்கு உறுப்பினர்கள் உண்டு, அவர்களுக்குக் கீழே ஒரு பொது மேலாளர், அவருக்குக் கீழே ஒரு ஃபோர்மேன், பிறகு சில ஊழியர்கள். தண்ணீர் ஆற்றிலிருந்து வரவில்லை, கிணறுகளிலிருந்து வந்தது. 2000-ல் பயன்பாட்டில் இருந்தவை 5, 6, 7 என்று எண்ணிட்ட மூன்று கிணறுகள்.

இதில் 5-ம் எண் கிணறுதான் நம் கதையின் மையம். 1978-ல் அமைத்தது. நிலத்துக்கு அடியில் வெறும் 5 முதல் 8 மீட்டர் ஆழத்திலிருந்து தண்ணீர் எடுத்தது. பக்கத்திலேயே ஒரு பண்ணை. மேலே பெய்கிற மழை மண்ணில் முழுசாக வடிகட்டப்படாமலே கிணற்றுக்குள் இறங்க வாய்ப்பு இருந்தது. அமைத்த காலத்திலேயே இந்தச் சந்தேகம் இருந்தது. ஆனாலும் எந்த நிபந்தனையும் இல்லாமல் அனுமதி கிடைத்துவிட்டது.

முதல் தலைமை மாற்றம்: 1988

1988-ல் பழைய மேலாளர் போனார், ஸ்டான் கோபல் பொது மேலாளர் ஆனார். 1972-லேயே வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அவருடைய தம்பி ஃபிராங்க் கோபல் ஃபோர்மேன் ஆனார். அனுபவசாலி, உள்ளூர்க்காரர், எல்லோருக்கும் தெரிந்தவர். யாராக இருந்தாலும் இப்படிப்பட்ட ஆளைத்தானே தேர்ந்தெடுப்போம்?

ஆனால் அவருடைய அனுபவம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதே வாரியத்தில், அதே வேலையை, அதே முறையில் செய்து வந்த அனுபவம் அது. அந்த முறையே தவறாக இருந்தால்? தவறான முறையில் பதினாறு வருட அனுபவம்!

அண்ணன் தம்பி இருவருக்கும் குடிநீர் நிலையம் நடத்துவதற்கான சான்றிதழ் இருந்தது. அதுவும் பணி அனுபவத்தை வைத்துக் கொடுத்தது. பரீட்சையும் கிடையாது, பயிற்சி வகுப்பும் கிடையாது. பிற்பாடு விசாரணையில், குளோரின் எதற்காகப் போடுகிறோம், ஈ.கோலை கிருமி எவ்வளவு ஆபத்தானது என்பதே அவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை என்று வெளிவந்தது. இத்தனைக்கும் அவர்கள் அந்தத் தண்ணீரையேதான் குடித்தார்கள். சில சமயம் குளோரின் போடாத தண்ணீரையும் குடித்தார்கள். "நம்ம ஊர்த் தண்ணி சுத்தமான தண்ணி" என்ற நம்பிக்கை! ஊர் மக்களிலும் சிலர் குளோரின் வாடை அடிக்கிறது என்று புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பதிவேட்டில் என்ன எழுதினார்கள்?

காமர்ஸ் மாணவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்கவும்.

தண்ணீரில் போட்ட குளோரின், கிருமிகளோடு சண்டை போட்ட பிறகும் கொஞ்சம் மீதி இருக்க வேண்டும். அந்த மீதியைத்தான் எஞ்சிய குளோரின் என்கிறார்கள். பதினைந்து நிமிடம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மீதி இருந்தால்தான் பாதுகாப்பு. மீதி இல்லை என்றால் குளோரின் முழுவதையும் ஏதோ ஒன்று தின்றுவிட்டது என்று அர்த்தம். அதாவது அது வெறும் எண் அல்ல, அபாய மணி. இதைத் தினமும் ஒவ்வொரு கிணற்றிலும் அளந்து தாளில் எழுத வேண்டும். சில நிமிட வேலைதான்.

வாக்கர்டனில் பெரும்பாலான நாட்கள் அளக்கவே இல்லை. ஆனால் தாள் மட்டும் தவறாமல் நிரம்பியது! திரும்பத் திரும்ப 0.5 அல்லது 0.75. மழை பெய்தாலும் 0.75, வெயில் அடித்தாலும் 0.75. கல்லாப் பெட்டியில் தினமும் ஒரே தொகை இருப்பதாகக் கணக்கு எழுதினால் எந்த ஆடிட்டரும் புருவத்தை உயர்த்துவார். இங்கே உயர்த்த யாரும் இல்லை.

பரிசோதனைக்கு அனுப்புகிற தண்ணீர் மாதிரியிலும் இதே கதைதான். ஊரில் குறிப்பிட்ட இடங்களுக்குப் போய் எடுக்க வேண்டும். சௌகரியமான இடத்தில் பிடித்துவிட்டு, பாட்டிலில் வேறு இடத்தின் பெயரை எழுதிவிடுவார்கள். வவுச்சர் இருக்கிறது, ஆனால் பொய் வவுச்சர்.

இதில் முக்கியமான விஷயம், இந்தப் பழக்கங்களை ஸ்டான் கோபல் கண்டுபிடிக்கவில்லை. அவர் மேலாளர் ஆவதற்கு முன்பே பல வருடங்களாக நடந்துவந்தவை. அவர் நாற்காலியோடு சேர்த்து அவற்றையும் வாங்கிக்கொண்டார். 1988-ல் மாறியது அறைக் கதவில் இருந்த பெயர்ப்பலகை மட்டும்தான்.

மேலே இருந்தவர்கள்

சரி, வாரிய உறுப்பினர்கள் என்ன செய்தார்கள்? அவர்கள் பட்ஜெட் பார்த்தார்கள், தண்ணீர்க் கட்டணம் நிர்ணயித்தார்கள். தண்ணீரின் தரம் மேலாளர் பார்த்துக்கொள்கிற சமாச்சாரம் என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. தொழில்நுட்பம் தெரியாது, மேலாளர் மீது நம்பிக்கை இருந்தது, கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

ஆனால் 1998-ல் ஒரு சந்தர்ப்பம் வந்தது. மாகாணச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆய்வு செய்து அறிக்கை அனுப்பியது. சுத்திகரித்த தண்ணீரிலேயே ஈ.கோலை தென்பட்டிருக்கிறது, எஞ்சிய குளோரின் போதவில்லை, ஊழியர் பயிற்சிக்கும் சரியான பதிவு இல்லை என்றெல்லாம் அதில் இருந்தது. அறிக்கை உறுப்பினர்கள் கைக்கும் வந்தது. சரிசெய்துவிடுவதாக மேலாளர் சொன்னார். அத்தோடு முடிந்தது. செய்தாரா என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அறிக்கை அனுப்பிய அமைச்சகமும் திரும்பி வந்து பார்க்கவில்லை.

1999 ஜனவரி 1 அன்று இன்னொரு மாற்றமும் நடந்தது. வாக்கர்டனும் பக்கத்து இரண்டு பஞ்சாயத்துகளும் இணைந்து பிராக்டன் நகராட்சி உருவானது. அப்போதும் குடிநீர் பழையபடி அதே வாரியத்தின் கையில், அதே மேலாளரிடம்தான் இருந்தது. மேலே கொடி மாறியது, கீழே குழாய் மாறவில்லை.

மாகாணத் தலைநகரில்

உள்ளூர்க்காரர்களை மட்டும் குறை சொன்னால் பாதிக் கதைதான் சொன்னதாகும். 1995-ல் ஒன்டாரியோவில் மைக் ஹாரிஸ் தலைமையிலான அரசு வந்தது. செலவைக் குறைப்போம், அரசாங்கத்தைச் சுருக்குவோம் என்பதுதான் அவர்களின் வாக்குறுதி. சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பட்ஜெட் 1998-99-க்குள் 20 கோடி டாலருக்கு மேல் குறைந்தது. 750-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் குறைக்கப்பட்டார்கள். இது 30 சதவீதத்துக்கும் அதிகம்.

1996-ல் நகராட்சிகளின் குடிநீரைப் பரிசோதித்து வந்த அரசு லேப்கள் அந்த வேலையை நிறுத்தின. இனி தனியார் லேபில் கொடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தனியாரிடம் கொடுத்தது கூடப் பெரிய தவறில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் தண்ணீரில் கிருமி இருந்தால் அமைச்சகத்துக்கும் சுகாதார அதிகாரிக்கும் லேப் உடனே சொல்லியே ஆக வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டிருக்க வேண்டும் அல்லவா? போடவில்லை. கெட்ட செய்தியை யாருக்குச் சொல்ல வேண்டும்? பணம் கொடுக்கிற வாடிக்கையாளருக்கு மட்டும்! அந்த வாடிக்கையாளர்தான் வாக்கர்டன் வாரியம். ஆடிட் ரிப்போர்ட்டை மேலாளரிடம் மட்டும் கொடுத்துவிட்டுப் போவது போல.

மே 2000

2000 மே 8 முதல் 12 வரை வாக்கர்டனில் கனமழை. ஐந்து நாளில் 134 மில்லிமீட்டர். பக்கத்துப் பண்ணையில் போட்டிருந்த மாட்டுச் சாணத்திலிருந்து கிருமிகள் மழைநீரோடு 5-ம் எண் கிணற்றில் இறங்கின. அந்தப் பண்ணைக்காரர் முறைப்படிதான் சாணம் போட்டிருந்தார், அவர் மீது தவறில்லை என்று விசாரணையிலேயே தெளிவாகச் சொன்னார்கள். இறங்கியவை ஈ.கோலை ஓ157:எச்7, கேம்பைலோபாக்டர் என்ற இரண்டு கிருமிகள்.

அந்த நாட்களில் எஞ்சிய குளோரினை அளந்திருந்தால் அபாய மணி அடித்திருக்கும். அளக்கவில்லை. மேலாளர் அந்தச் சமயம் ஊரில் இல்லை. 7-ம் எண் கிணற்றில் புது குளோரின் கருவியைப் பொருத்த வேண்டியிருந்தது, அதையும் பொருத்தவில்லை. மே 15 திங்கட்கிழமை மேலாளர் வேலைக்குத் திரும்பினார். கருவி இல்லை என்று தெரிந்தும் 7-ம் கிணறு ஓடியது. மே 19 வரை குளோரினே இல்லாத தண்ணீர் ஊருக்குள் போனது.

பிறகு நடந்ததை நாள் வாரியாகச் சொல்கிறேன்.

மே 15: மாதிரிகள் தனியார் லேபுக்குப் போகின்றன.

மே 17: முடிவு ஃபேக்ஸில் வாரியத்துக்கு வருகிறது. ஈ.கோலை இருக்கிறது! மேலாளர் யாரிடமும் சொல்லவில்லை.

மே 18: ஓவன் சவுண்ட் என்ற பக்கத்து ஊர் மருத்துவமனைக்கு, ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கோடு வாக்கர்டன் குழந்தைகள் இருவர் வருகிறார்கள். குழந்தை மருத்துவர் கிறிஸ்டன் ஹாலட்டுக்குச் சந்தேகம் வருகிறது. மறுநாள் சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்கிறார்.

மே 19: சுகாதாரத் துறையிலிருந்து வாரியத்துக்கு ஃபோன். தண்ணீர் எப்படி இருக்கிறது? நன்றாக இருக்கிறது என்று பதில். சொல்லிவிட்டு மேலாளர் குழாய்களில் குளோரினை அதிகமாக விட்டு அலச ஆரம்பிக்கிறார். அதாவது அவருக்குத் தெரியும்.

மே 20: வாரிய ஊழியர் ஒருவர் பெயர் சொல்லாமல் அமைச்சகத்துக்கு ஃபோன் செய்து, லேப் முடிவு மோசமாக வந்திருக்கிறது என்று சொல்கிறார். அமைச்சகம் மேலாளரைக் கேட்டபோதும் முழு உண்மை வரவில்லை.

மே 21: மருத்துவ அதிகாரி முர்ரே மெக்விக், வாரியத்தின் பேச்சை நம்பிக்கொண்டு இருக்காமல், தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று அறிவிக்கிறார். தாமே மாதிரி எடுத்து லேபுக்கும் அனுப்புகிறார்கள்.

மே 22: முதல் மரணம்.

மே 23: சுகாதாரத் துறை அனுப்பிய மாதிரிகளின் முடிவு வருகிறது. தண்ணீரில் ஈ.கோலை உறுதி. ஆறு நாள் முன்பே ஃபேக்ஸில் வந்த அதே உண்மை.

மொத்தம் 7 பேர் இறந்தார்கள். 2,300-க்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். 27 பேருக்குச் சிறுநீரகத்தையே பாதிக்கிற அளவுக்கு நோய் முற்றியது. 4,800 பேர் ஊரில் இந்த எண்ணிக்கை என்றால் நோய் எட்டிப் பார்க்காத வீடு எத்தனை இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். இவ்வளவும் நடந்த பிறகு வாரியத்தில் செய்த ஒரு வேலை, 7-ம் கிணற்றின் தினசரித் தாளைத் திருத்தி எழுதியது! ஊரே ஆஸ்பத்திரியில் கிடக்கிறது, கை பதிவேட்டைத் தேடிப் போகிறது. பழக்கம் அவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது.

இரண்டாவது தலைமை மாற்றம்

அந்த மே மாத இறுதியிலேயே குடிநீர் நிர்வாகம் வாரியத்தின் கையை விட்டுப் போனது. மாகாண அரசின் ஒன்டாரியோ தூய நீர் முகமை பொறுப்பேற்றது. இது 1988-ல் நடந்தது போன்ற மாற்றம் அல்ல. புதிதாக வந்தவர்கள் எதையும் நம்பி ஆரம்பிக்கவில்லை. பழைய தாளைப் பார்த்து வேலை செய்யாமல் குழாயைப் பார்த்து வேலை செய்தார்கள். கிணறுகளைச் சோதித்தார்கள், 5-ம் கிணற்றை அமைப்பிலிருந்து துண்டித்தார்கள், குழாய்களைச் சுத்தம் செய்தார்கள், மோசமானவற்றை மாற்றினார்கள். கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்ற அறிவிப்பை 2000 டிசம்பர் 5 அன்றுதான் விலக்கினார்கள். ஆறு மாதத்துக்கு மேல்! நம்பிக்கையைத் திரும்பக் கட்டுவதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு இதுவே கணக்கு.

நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. முதல்வர் ஹாரிஸே நேரில் வந்து சாட்சி சொன்னார். 2002-ல் இரண்டு பாகமாக அறிக்கை வந்தது, மொத்தம் 121 பரிந்துரைகள். கோபல் சகோதரர்களை அது விடவில்லை. வாரிய உறுப்பினர்களையும் விடவில்லை. பட்ஜெட் வெட்டிய அரசையும் விடவில்லை. லேப் தகவல் சொல்லியே ஆக வேண்டும் என்ற சட்டம் இருந்திருந்தால் எச்சரிக்கை மே 19-க்குள் வந்திருக்கும், குறைந்தது 300 முதல் 400 பேர் நோயிலிருந்து தப்பியிருப்பார்கள் என்று அறிக்கை சொன்னது. 5-ம் கிணற்றில் குளோரினையும் கலங்கலையும் தொடர்ந்து அளக்கிற தானியங்கிக் கருவிகள் இருந்திருந்தால் இந்தக் கொடுமையே நடந்திருக்காது என்றும் சொன்னது.

கமிஷனுக்காகச் செய்த ஒரு ஆய்வில், சம்பவத்தின் பொருளாதாரச் செலவு குறைந்தபட்சம் 6.45 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். உயிருக்கும் வேதனைக்கும் விலை போடாமல் வந்த தொகை இது. அளக்கும் கருவிக்குச் செலவாகியிருக்கக்கூடிய பணத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செலவைக் குறைப்பதும் செலவைத் தள்ளிப்போடுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான கேஸ் ஸ்டடி எனக்குத் தெரியாது.

2004 டிசம்பரில் ஸ்டான் கோபலுக்கு ஒரு வருடச் சிறை, ஃபிராங்குக்கு ஒன்பது மாத வீட்டுக்காவல். அது தண்டனை. ஆனால் உண்மையான தலைமை மாற்றம் அது இல்லை என்பது என் கருத்து.

உண்மையில் மாறியது எது?

2002-ல் ஒன்டாரியோவில் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் வந்தது. அதன் பிறகு வந்த ஏற்பாடுகளைக் கவனியுங்கள். முடிவு மோசம் என்றால் லேப் நேரடியாக அமைச்சகத்துக்கும் சுகாதார அதிகாரிக்கும் சொல்லியாக வேண்டும். மேலாளர் நினைத்தாலும் ஃபேக்ஸை மறைக்க முடியாது. குடிநீர் நிலையம் நடத்துபவர்களுக்குப் பயிற்சியும் பரீட்சையும் கட்டாயம். அந்தப் பயிற்சிக்காக 2004-ல் அரசு ஒரு தூய நீர் மையத்தை ஆரம்பித்தது. எந்த ஊரில் தெரியுமா? வாக்கர்டனிலேயே! 2006-ல் குடிநீருக்கென்று தர மேலாண்மை விதிகள் வந்தன. உள் தணிக்கை, வெளித் தணிக்கை, மேல்நிர்வாகத்தின் மறுஆய்வு எல்லாம் அதில் உண்டு.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது அந்தச் சட்டத்தின் 19-ம் பிரிவு. 2012 டிசம்பர் 31 முதல் அமலுக்கு வந்தது. நகராட்சியின் குடிநீர் அமைப்பை மேற்பார்வை செய்யும் பொறுப்பில் இருப்பவர்கள், கவுன்சிலர்கள் உட்பட, விவேகமுள்ள ஒருவர் காட்டக்கூடிய அக்கறையோடும் திறமையோடும் நடந்துகொள்ள வேண்டும். தவறினால் அபராதம், சிறை கூட வரலாம். "எனக்குத் தொழில்நுட்பம் தெரியாதுங்க, மேலாளர் சொன்னதை நம்பினேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போக முடியாது. நிபுணரின் பேச்சை நம்பலாம், ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்ட பிறகு நம்ப வேண்டும். நம் கம்பெனிகள் சட்டம் 2013-ன் 166-ம் பிரிவில் இயக்குநர்களின் கடமை என்று படிக்கிறோமே, கிட்டத்தட்ட அதே சிந்தனைதான்.

1988-ஐயும் 2000-க்குப் பிந்தைய காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகிறது. முதல் முறை ஆள் மாறினார், அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது மாறவில்லை. அதனால் எதுவும் மாறவில்லை. இரண்டாவது முறை அந்தப் பதில் சொல்லும் பாதையே மாறியது. கெட்ட செய்தி மேலாளரின் மேஜையிலேயே நின்றுவிடாமல் மேலே போக ஒரு வழி பிறந்தது.

இன்னொன்றும் தோன்றுகிறது. கஷ்டகாலத்தில்தான் நாம் தலைமையைப் பற்றிப் பேசுகிறோம். வாக்கர்டனின் கஷ்டகாலம் 2000 மே மாதம் வந்ததாக எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அளக்காத குளோரினுக்கு முதல் முறை யாரோ ஒருவர் 0.75 என்று எழுதினாரே, அன்றே அது ஆரம்பித்துவிட்டது. அன்று யாருக்கும் வயிறு வலிக்கவில்லை என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

நாளை நம்மில் பலர் ஏதாவது ஒரு அலுவலகத்தில், வங்கியில், சங்கத்தில் பொறுப்பான இடத்தில் உட்காரப் போகிறோம். முன்னால் இருந்தவர் விட்டுச்சென்ற நாற்காலியில்தான் உட்காருவோம். அன்றைக்கு முதல் வேலையாகப் பெயர்ப்பலகையை மாட்டாமல், பழைய பதிவேட்டைத் திறந்து, "இந்த எண்ணை யார் அளந்தார்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 1988-ல் வாக்கர்டனில் அந்தக் கேள்வியை ஒருவர் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், பேசலாம்.